மன்னர் படம் வரையக் கொடுக்கிறீர்களா? முன்பணம் நீட்டும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வாசகசாலை கடலூர் முதுநகரில் இருக்கிறது. அதன் கூடத்தில், நம் பகுதியை ஆண்ட மன்னர் ஒருவரின் முழு உருவ ஓவியம் வைக்க வேண்டும் என்று சென்ற வருடம் ஆடியில் தீர்மானம் போட்டோம். பொங்கலன்று திறப்பு என்று நோட்டீஸும் எழுதி வைத்தோம். படம் சுவரேறியது அடுத்த ஆனியில்தான். நடுவில் 15,000 ரூபாய் முன்பணம் வீணானது. கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு முறை குரல் உயர்ந்தது. ஓவியரிடம் என்ன கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாததுதான் காரணம்.

பள்ளிக்கூடம், ஊர்ச்சங்கம், கல்யாண மண்டபம், வீட்டுக் கூடம் என்று எந்த இடத்துக்கு மன்னர் படம் வரையக் கொடுப்பதானாலும் வேலை ஒன்றுதான். நாங்கள் பட்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. யார், எதற்கு: இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்

"ஒரு ராஜா படம்" என்று ஓவியரிடம் போகாதீர்கள். எந்த மன்னர், அவரை என்னவாகக் காட்ட வேண்டும் என்பதை இரண்டே வரியில் எழுதி, கமிட்டியில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் எடுத்துக்கொண்டவர் கோப்பெருஞ்சிங்கன். சேந்தமங்கலத்தில் இருந்து ஆண்ட காடவ மன்னர். சோழப் பேரரசர் மூன்றாம் ராஜராஜனையே 1231 வாக்கில் சிறைப்பிடித்தவர். அந்தச் சோழரை மீட்க ஹொய்சளப் படை வந்ததைச் சொல்லும் கல்வெட்டு இங்கே பக்கத்தில் திருவந்திபுரம் கோயிலிலேயே இருக்கிறது. அதனால் எங்கள் இரண்டு வரி இப்படி அமைந்தது: "பேரரசரை எதிர்த்து நின்ற நம் பகுதி மன்னர். வென்ற பிறகு அமைதியாக நிற்கிறார்."

'அமைதியாக' என்ற அந்த ஒரு சொல்தான் பின்னால் பாதிச் சண்டையைத் தீர்த்தது. அது இல்லாவிட்டால் குதிரையும் வாளும் ரத்தமுமாகத்தான் படம் வந்திருக்கும்.

இந்தக் கட்டத்திலேயே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, ஆண்டு. கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் ஆண்டவர் ஒருவரா இருவரா என்பதிலேயே அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. நாங்கள் முதலில் "பிறப்பு, இறப்பு" என்று அடித்த பெயர்ப்பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "13ஆம் நூற்றாண்டு" என்று மட்டும் போட்டோம். இரண்டாவது, சாதி. எந்த மன்னர் படத்தை வைத்தாலும் "இவர் எங்கள் ஆள்" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். கல்வெட்டில் இருக்கும் பட்டப்பெயரைத் தவிர வேறு பட்டம் எதையும் பலகையில் எழுதாதீர்கள். ஊர்ப் பெரியவர்களை ஓவியம் முடிந்த பிறகு கூப்பிடுவதைவிட, பென்சில் படம் தயாரானதும் கூப்பிட்டுக் காட்டுவது நல்லது.

2. முகம் கிடைக்காது, உடை, நகை, நிற்கும் விதம் கிடைக்கும்

நம் பழைய மன்னர்களின் முகச்சாயலைப் பார்த்து எழுதிய படம் கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருக்காதீர்கள். ஆனால் அவர்களை அந்தக் காலச் சிற்பிகள் எப்படிக் காட்டினார்கள் என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது. எங்கள் ஓவியர் மூன்று இடம் போனார்.

மாமல்லபுரம் ஆதிவராகர் குகைக் கோயிலில் இரண்டு பல்லவ மன்னர்கள் தங்கள் அரசிகளோடு புடைப்புச் சிற்பமாக இருக்கிறார்கள். ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் நிற்கிறார். மேலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயரே பொறித்திருக்கிறது. வழிபாட்டில் இருக்கும் கோயில் என்பதால் கேமராவை நம்பிப் போகாதீர்கள். சிதம்பரம் வடக்குக் கோபுரத்தில் அதைக் கட்டிய கிருஷ்ணதேவராயரின் சிலை இருக்கிறது. கடலூரிலிருந்து போய்வர ஒரு நாள் போதும். அங்கே கோபுர வாசல்களில் வரிசையாக இருக்கும் கரணச் சிற்பங்களையும், அதாவது நடன நிலைச் சிற்பங்களையும் பாருங்கள். இடுப்புத்துணியின் மடிப்பு, கொண்டை, தோள்வளை எல்லாவற்றுக்கும் அதைவிட நல்ல பாடம் இல்லை.

மூன்றாவது, புதுச்சேரி செயின்ட் லூயி வீதி. ஒரே வீதியில் அருங்காட்சியகமும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத்திருமேனிகளை நின்று நிதானமாகப் பார்த்து நகைகளை வரைந்துகொள்ளலாம். ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் புகைப்படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் சேகரித்து வைத்திருக்கிறார்கள். நேராகப் போய் நிற்காமல் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். சங்கத்தின் கடிதம், அடையாள அட்டை, எந்தக் கோயிலின் எந்தச் சிற்பம் வேண்டும் என்ற பட்டியல், மூன்றும் கையில் இருக்கட்டும். "ராஜா படங்கள் காட்டுங்கள்" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது.

போக்குவரத்து, பிரிண்ட், நோட்டு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 2,600 ரூபாய் ஆனது. மூன்று வாரம் எடுத்தது. இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். இதைச் செய்யாமல் போனால் ஓவியர் தனக்குத் தெரிந்த ராஜாவைத்தான் வரைவார். அது பெரும்பாலும் சினிமா ராஜாவாக இருக்கும்: வெல்வெட் அங்கி, தோளில் மேலாடை, காலில் பூட்ஸ்.

3. குறிப்புத் தாள்: அதிகாரம் எங்கே தெரிய வேண்டும்?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான படி. மன்னர் படத்தில் நகையைக் கூட்டினால் கம்பீரம் கூடும் என்று நாங்கள் நம்பினோம். அது தவறு. அதிகாரம் கண் மட்டத்திலும், கையிலும், சுற்றிலும் விட்டிருக்கும் வெற்றிடத்திலும் இருக்கிறது. எங்களுக்கு இதைப் புரியவைத்தது எங்கள் ஓவியர் காட்டிய ஒரு பிரெஞ்சுப் படம்.

இயசான்த் ரிகோ என்ற ஓவியர் 1701-இல் எழுதிய பதினான்காம் லூயி மன்னரின் படம் அது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 277 சென்டிமீட்டர், அகலம் 194. அதாவது ஒன்பது அடிக்கு மேல் உயரம். ஸ்பெயினுக்கு அரசனாகப் போன பேரனுக்கு அனுப்பத்தான் எழுதச் சொன்னார் லூயி. முடிந்ததும் பிடித்துப்போய்த் தானே வைத்துக்கொண்டார். நல்ல அச்சு ஒன்று வாங்கி மேசைமேல் விரித்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. முகத்தில் முதுமையை மறைக்கவில்லை. கால்கள் மட்டும் நடனக்காரனின் கால்கள் போல இருக்கின்றன. கிரீடம் தலையில் இல்லை, பக்கத்தில் மெத்தைமேல் இருக்கிறது. வாள் இடுப்பில் சும்மா தொங்குகிறது. நாம் அண்ணாந்து பார்ப்பது போலவும், அவர் நம்மைக் குனிந்து பார்ப்பது போலவும் படம் அமைந்திருக்கிறது. பின்னால் பெரிய தூண், மேலே சிவப்புத் திரை. அவரைத் தவிர ஆளே கிடையாது. எல்லாமே "இவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை" என்று சொல்கின்றன.

இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படியே எடுக்கக் கூடாது. லூயி செங்கோலைத் தலைகீழாகப் பிடித்து ஒரு கைத்தடி போல ஊன்றியிருக்கிறார். பிரான்சில் அது அலட்சியமான கம்பீரம். எங்கள் ஓவியரின் முதல் பென்சில் படத்தில் நம் மன்னரும் அப்படியே கோலைச் சாய்த்துப் பிடித்திருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பார்த்தவுடன் சொன்னார்: "தம்பி, செங்கோல்னா நேரான கோல். சாய்ந்தால் கொடுங்கோல். இந்தப் படத்தை வைத்தால் மன்னரைத் திட்டுகிற மாதிரி ஆகும்." கமிட்டியே அமைதியானது. கோல் நிமிர்ந்தது. கிரீடமும் அப்படித்தான். அங்கே மெத்தைமேல் வைத்தால் பெருமை. இங்கே தலையில் கிரீடம் இல்லாத மன்னரைப் பார்த்தால் ஆட்சியை இழந்தவர் என்றே நம் கண்ணுக்குத் தோன்றும்.

நம் சிற்பங்களில் பெரிய மன்னர்களே கைகூப்பி நிற்பதையும் மறந்துவிடாதீர்கள். கடவுள் முன் நிற்கும் மன்னரைக் காட்டுகிறீர்களா, மக்கள் முன் நிற்கும் மன்னரையா என்று முதலில் தீர்மானியுங்கள். கோயில் மண்டபத்துக்கு முதலாவது சரி. வாசகசாலைக்கு இரண்டாவது என்று நாங்கள் முடிவெடுத்தோம்.

குறிப்புத் தாளில் நாங்கள் எழுதியவற்றைச் சொல்கிறேன், உங்கள் மன்னருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். நிற்கிறார், நேரே பார்க்கிறார், பார்வைக் கோடு பார்ப்பவரின் கண்ணைவிட உயரம். வலக்கையில் நிமிர்ந்த செங்கோல். கட்கமல்லன், அதாவது வாள் வீரன், என்று பட்டம் பெற்றவர் என்பதால் இடுப்பில் வாள் உண்டு, உறையில். மேலே வெண்கொற்றக்குடை, பெயரே சொல்கிறபடி அது வெள்ளையாக இருக்க வேண்டும். கோயில் குடை போல வண்ணக் குஞ்சமெல்லாம் வைத்து வரைந்துவிடுவார்கள், கவனம். மேலுடம்பில் தைத்த துணி இல்லை. சாமரம் வீசுபவர் ஒருவர், மன்னரைவிடச் சிறியதாக, நிழலில்.

சின்னத்தில் நாங்கள் பெரிய தவறு செய்ய இருந்தோம். ஓவியர் இருக்கையின் முதுகில் புலியைப் போட்டிருந்தார். புலி சோழருக்கு. சோழரைச் சிறைப்பிடித்தவர் பின்னால் சோழர் சின்னம் இருந்தால் என்ன அர்த்தம்? காடவர் தங்களைப் பல்லவர் வழி என்று சொல்லிக்கொண்டவர்கள். அதனால் பல்லவரின் காளை போட்டோம். மீன் பாண்டியர், வில் சேரர். பென்சில் படத்திலேயே சின்னத்தைச் சரிபாருங்கள். வண்ணம் ஏறிய பிறகு மாற்ற ஓவியருக்கு ஒரு வாரமும் உங்களுக்குப் பணமும் போகும்.

இன்னொன்று, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். முகலாய மன்னர்களின் ஓவியங்களில் ஜகாங்கீர் காலத்திலிருந்து அது உண்டு. இங்கே வைத்தால் காலண்டர் சாமி படம் ஆகிவிடும். வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள்.

4. எண்ணெய் வண்ணமா, தஞ்சாவூர்ப் பாணியா, அச்சா

தஞ்சாவூர்ப் பாணியில் செய்யலாமே என்று பலர் சொல்வார்கள். தங்கத்தாள், கல், புடைப்பு வேலை எல்லாம் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது பலகைமேல் செய்வது. ஆறடிப் பலகை எங்கள் கடற்காற்றில் வளையும் என்ற பயத்தாலும், சதுர அடிக் கணக்கில் விலை எங்கேயோ போனதாலும் விட்டுவிட்டோம். இரண்டடி, மூன்றடிப் படம் என்றால் தாராளமாக யோசிக்கலாம். நாங்கள் எடுத்தது கேன்வாஸ் துணியில் எண்ணெய் வண்ணம், ஆறடிக்கு நாலடி.

இப்போது 15,000 ரூபாய் போன கதை. முதலில் ஒருவரிடம் "கையால் தீட்டிய எண்ணெய் ஓவியம்" என்று பேசி முன்பணம் கொடுத்தோம். இருபதே நாளில் படம் வந்தது. சந்தோஷப்பட்டோம். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கணினியில் செய்த படத்தைத் துணியில் அச்சடித்து, மேலே கோந்து போன்ற ஒன்றைத் தூரிகையால் தடவியிருந்தார்கள். முகமும் ஒரு நடிகரின் முகம். படத்தைத் திருப்பினோம், பணம் திரும்பவில்லை, ஏனென்றால் எங்களிடம் எழுத்தில் எதுவுமே இல்லை.

நீங்கள் இப்படிச் சோதியுங்கள். பூதக்கண்ணாடி வைத்துக் கன்னத்தைப் பாருங்கள். ஒரே சீராகப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். தூரிகைத் தடம் உருவத்தோடு ஒட்டிப் போக வேண்டும், மூக்கின் விளிம்பு ஒரு பக்கமும் தடம் வேறு பக்கமும் போகக் கூடாது. எல்லாவற்றையும்விட எளிது, வேலை நடக்கும்போதே வாரம் ஒரு போட்டோ அனுப்பச் சொல்வது. அச்சடிப்பவரால் அரைகுறைப் படத்தைக் காட்ட முடியாது.

5. ஓவியர்

அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அங்கே நுண்கலை படித்து வந்தவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் விசாரித்துப் போன அண்ணனும் அப்படி ஒருவர்தான். செல்பேசியில் படம் பார்த்து முடிவு செய்யாமல் வேலை செய்யும் இடத்துக்கே போங்கள். கையையும் பாதத்தையும் எப்படி வரைந்திருக்கிறார் என்று பாருங்கள். முகம் நன்றாக வரைபவர் பலர். கோலைப் பிடித்திருக்கும் விரல்களைச் சரியாக வரைபவர் குறைவு. மன்னர் படத்தில் கைதான் பேசும்.

முழுப் படத்தையும் அவரே எழுதுவாரா என்றும் கேளுங்கள். துணி, நகைகளை உதவியாளர் எழுதுவது தவறே இல்லை. ரிகோவின் பட்டறையிலும் அப்படித்தான் நடந்தது. ஆனால் முகம், கை இரண்டும் பேசியவரே எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

6. எழுத்தில் இருக்க வேண்டியவை

நண்பர்தானே, தெரிந்தவர்தானே என்று விடாதீர்கள். எழுதிக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. எங்கள் ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். அதில் இருந்தவை: அளவு (பிரேம் இல்லாமல்), கையால் தீட்டும் எண்ணெய் வண்ணம், அச்சு இல்லை என்ற வாசகம், பென்சில் படத்தில் எத்தனை திருத்தம் இலவசம் (மூன்று), முடிக்கும் தேதி, எங்கே ஒப்படைப்பது, போகும் வழியில் சேதமானால் யார் பொறுப்பு, பணம் எப்படி. குறிப்புத் தாளை அதோடு சேர்த்துத் தைத்து, இரண்டிலும் இருவரும் கையெழுத்து. ஓவியர் புதுச்சேரி, நாங்கள் தமிழ்நாடு என்பதால் ஒப்படைக்கும் இடம் கடலூர் என்று தெளிவாக எழுதினோம்.

கூலி 72,000 ரூபாய், துணியும் வண்ணமும் சேர்த்து. நான்கு தவணை: பென்சில் படம் ஒப்புக்கொண்டதும் 18,000, அடிவண்ணம் முடிந்ததும் 18,000, படம் முடிந்ததும் 21,600, சுவரில் மாட்டிய பிறகு 14,400. கடைசித் தவணையைக் கையில் வைத்திருப்பது அவசியம். அதே சமயம் முன்பணமே இல்லாமல் வேலை தொடங்கச் சொல்வதும் நியாயம் இல்லை. துணியும் வண்ணமும் அவர் கைக்காசில் வாங்க வேண்டியிருக்கும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவரா, சொன்ன விலை வரி சேர்த்ததா என்பதையும் முதல் நாளே கேளுங்கள். சங்கக் கணக்குக்கு ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வேண்டும்.

பதிப்புரிமையைப் பலரும் கவனிப்பதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக் காசு கொடுத்து எழுதிய ஓவியத்தில், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். இருந்தாலும் அழைப்பிதழ், நாட்காட்டி, விழா மலரில் அச்சடிக்கலாமா, ஓவியர் தன் கண்காட்சியில் காட்டலாமா என்பதை இரண்டு வரி எழுதிவிடுங்கள். இன்னொரு பக்கமும் உண்டு: ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறதே என்று ஒரு புகழ்பெற்ற மன்னர் படத்தை அப்படியே வரையச் சொல்லாதீர்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை உரிமை இருக்கிறது.

7. முகத்தை முதலில் தனியாக எழுதச் சொல்லுங்கள்

இங்கிலாந்தில் அரசி எலிசபெத் காலத்தில், 1563-இல், அவர் அமைச்சர் ஓர் ஆணையின் வரைவையே தயாரித்தார். தேர்ந்த ஓவியர் ஒருவர் அரசியின் முகத்தை எழுதி முடிக்கும்வரை வேறு யாரும் எழுதக் கூடாது, பிறகு அதைப் பார்த்தே மற்றவர்கள் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். ரிகோவும் லூயியின் முகத்தைத் தனித் துணியில் எழுதிப் பிறகுதான் பெரிய துணியில் பொருத்தினார். முகத்தை முதலில் முடித்துக்கொண்டால் பிறகு தகராறு இல்லை.

எங்கள் ஓவியர் ஒன்றரை அடிப் பலகையில் மூன்று முகம் எழுதிக் காட்டினார். சிற்பங்களில் பார்த்த நீண்ட காது, அகன்ற நெற்றி, தடித்த கீழுதடு ஆகியவற்றைக் கொண்டு, தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரை நான்கு காலை வெளிச்சத்தில் உட்கார வைத்து எழுதியவை. மூன்றாவதை எல்லோரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டோம். மாதிரியாக உட்கார்ந்தவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, அவருக்கு நாள் கூலியும் கொடுங்கள். நடிகர், தலைவர், நன்கொடையாளர் யாருடைய சாயலும் வரக் கூடாது. நன்கொடை கொடுத்தவர் ஒருவர் தன் தாத்தா போட்டோவைக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்ட அந்த இரண்டு வரியைக் காட்டித்தான் மரியாதையாக மறுக்க முடிந்தது.

8. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள்

ஓவியர் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. பொங்கல் திறப்பு என்ற அவசரத்தில் ஐப்பசியில் ஆரம்பிக்க வைத்தோம். வடகிழக்குப் பருவமழையில் அடிவண்ணம் மூன்று வாரமாகியும் கையில் ஒட்டியது, துணியின் முதுகில் பூஞ்சை புள்ளி புள்ளியாக ஏறியது. தை பிறந்ததும் புதுத் துணியில் முதலிலிருந்து. அந்தத் துணி, வண்ணச் செலவைக் கேட்காமல் விட்டது அவர் பெருந்தன்மை.

எண்ணெய் வண்ணம் நீர்வண்ணம் போலக் காயாது. ஒவ்வொரு பூச்சும் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நல்ல வெயில் காலத்தில் ஒன்றிரண்டு வாரம் ஆகும். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். அவசரத்தில் இதை மாற்றினால் பின்னால் வெடிக்கும். எங்கள் உண்மையான கணக்கு இது: சான்று தேட 3 வாரம், பென்சில் படம் 2, முகம் ஒன்றரை, தீட்ட 10, காய 4, பிரேம் 1. ஐந்து மாதம். மார்கழிக்குள் சான்றும் பென்சில் படமும், தையில் துணி, வைகாசிக்குள் படம் என்று திட்டமிடுங்கள். திறப்பு விழா தேதியைப் படம் கைக்கு வந்த பிறகு குறியுங்கள்.

9. பிரேம், தங்கம், வண்டி

தேக்குப் பிரேம் எங்களுக்கு 11,500 ஆனது. எண்ணெய் ஓவியத்துக்கு முன்னால் கண்ணாடி வேண்டாம். பிரேமின் உள்விளிம்பில் தங்கத்தாள் ஒட்ட 3,800. இதில் ஏமாறாதீர்கள்: மலிவான பித்தளைத் தாள் முதல் நாள் தங்கத்தைவிடப் பளபளக்கும், உப்புக் காற்றில் சீக்கிரமே கறுத்துவிடும். குறைந்த இடத்தில் ஒட்டினாலும் அசலையே ஒட்டுங்கள்.

பிரேமோடு சேர்த்து எந்த வாசல், எந்த மாடிப்படித் திருப்பம் வழியாகப் படம் போக வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். படி திரும்பாது என்று தெரிந்ததால் நாங்கள் பிரேமின் மூலைகளைத் திருகாணியில் மாட்டும்படி செய்யச் சொல்லி, கூடத்தில் வைத்தே பூட்டினோம்.

வண்டி குட்டி யானைதான், 2,200. படத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் மெத்தை வைத்துக் கட்டுங்கள். வண்ணப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை படக் கூடாது, வெயிலில் ஒட்டிக்கொள்ளும். பழைய வெள்ளை வேட்டி நல்லது. புதுச்சேரியிலிருந்து வரும் வண்டிகளை ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் நிறுத்திப் பார்ப்பார்கள். ஒப்பந்த நகல், ரசீது, வாசகசாலைக் கடிதம் மூன்றையும் ஓட்டுநர் கையிலேயே கொடுத்திருந்தோம். ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

10. மாட்டுவதும் பார்த்துக்கொள்வதும்

மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உள்சுவரில், பின்னால் அரை அங்குலம் காற்றோடும்படி நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி மாட்டுங்கள். படத்தின் கீழ்விளிம்பு எங்கள் கூடத்தில் தரையிலிருந்து மூன்றடி. அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளை நிமிர்ந்தால் மன்னரின் கண்ணைப் பார்க்கிறது. இன்னும் ஏற்றினால் பாதத்தைத்தான் பார்க்கும். விளக்கு நேர் எதிரே வேண்டாம், எண்ணெய் மினுமினுப்பில் முகம் தெரியாமல் போகும். மேலே முன்தள்ளி, சாய்வாக ஒரு எல்இடி போதும். கொக்கி, விளக்கு, ஆள் கூலி எல்லாம் 4,700.

அப்புறம் மாலை. நம் ஊரில் படம் என்றால் மாலை போடாமல், சந்தனம் குங்குமம் வைக்காமல் இருக்க மாட்டோம். அந்த அன்பைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் ஈரப் பூ வண்ணத்தைத் தொடக் கூடாது. பிரேமின் மேல்மூலைகளில் இரண்டு பித்தளைக் கொக்கி வைத்து, மாலை பிரேமுக்கு வெளியே தொங்கும்படி செய்தோம். பொட்டு வைக்கக் கீழே பெயர்ப்பலகை இருக்கிறது. கற்பூரம், ஊதுபத்தி கூடத்தின் வாசலோடு சரி. தூசியைக் காய்ந்த மென்தூரிகையால் மட்டும் தட்டுங்கள், ஈரத்துணி கூடாது.

தானே புயலைப் பார்த்த ஊர் எங்களுடையது. புயல் எச்சரிக்கை வந்தால் படத்தை யார் இறக்குவது, எந்த அறையில் நிமிர்த்தி வைப்பது என்று இரண்டு பேரின் பெயரைக் கூடத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

மொத்தம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். மேலே சொன்னவற்றோடு கடைசி வார்னிஷுக்கு ஒதுக்கிய 3,000 சேர்த்து 99,800 ரூபாய்; வீணான 15,000 தனி. அந்த வார்னிஷை மாட்டிய அன்றே அடிக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்ணம் உள்ளேயும் காய ஆறு மாதமாவது வேண்டும். எங்கள் படத்துக்கு ஆறு மாதம் மார்கழியில் முடிகிறது, ஆனால் பனியின் ஈரத்தில் அடிக்கக் கூடாது என்று ஓவியர் சொல்லிவிட்டார். மாசியில் ஒரு வெயில் நாள் பார்த்து வருவதாகத் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்.